பழுதும் இயல்பும்: விண்வெளிக் கடிகாரங்கள்வழிச் சார்பியல் விளக்கம்

முன்னுரை

சார்பியல் கோட்பாட்டை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1905, 1915 ஆகிய ஆண்டுகளில் இரு படிநிலைகளில் வெளியிட்டார். முன்னது சிறப்புச் சார்பியல் என்றும் பின்னது பொதுச் சார்பியல் என்றும் வழங்கப்பெறுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் இக்கோட்பாடு அறிஞர்க்கு மட்டுமே உரியது, அன்றாட வாழ்வோடு தொடர்பற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஓடும் கடிகாரம் மெதுவாகச் செல்லும் என்பது மெய்யா, தோற்றமா? உயரத்தில் காலம் விரைவது எங்ஙனம்? இவையெல்லாம் கடிகாரத்தின் குறையா, காலத்தின் இயல்பா? பொதுமக்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் இவ்வினாக்களுக்கு விடை காண உதவும் களங்களுள் திருப்பதி வட்டாரம் குறிப்பிடத்தக்கது. இந்திய வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் ஏவப்பெறும் சிறீஅரிக்கோட்டா, முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அச்செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை அடிப்படையாகக் கொண்டு மேற்கண்ட வினாக்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வானில் நின்ற கடிகாரங்கள்

இந்தியாவின் வழிகாட்டுச் செயற்கைக்கோள் தொகுதி 'நாவிக்' எனப்படும். இத்தொகுதியின் முதற் செயற்கைக்கோள் 2013 சூலை 1 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2016 ஏப்ரலில் ஏழாவது ஏவப்பட்டபோது தொகுதி நிறைவுற்றது. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்கள் வைக்கப்பட்டன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியை ஏற்கும் என்பது ஏற்பாடு. ஆயினும் முதற் செயற்கைக்கோளில் இருந்த மூன்று கடிகாரங்களும் 2016ஆம் ஆண்டிலேயே செயலிழந்தன. செயற்கைக்கோளின் பிற உறுப்புகள் இயங்கியபோதிலும், இடங்காட்டும் பணிக்கு அது பயன்படாமற் போயிற்று.

அதற்கு மாற்றாக 2017 ஆகத்து 31 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோள், ஏவூர்தியின் வெப்பக் காப்புறை பிரியாமையால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் ஏவப்பட்ட அடுத்த செயற்கைக்கோளே அக்குறையை நிரப்பியது. பின்னர், அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ருபீடியம் கடிகாரம், 2023 மே 29 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோளில் முதன்முறையாக இடம்பெற்றது. ஒரு சிறு கடிகாரம் நின்றமையால் ஒரு செயற்கைக்கோளே பயனற்றுப் போனது ஏன் என்பதை அறிய, நொடிக்கும் தொலைவுக்கும் உள்ள உறவை முதலில் அறிதல் வேண்டும்.

2. நொடியும் தொலைவும்

ஒளியும் வானொலி அலையும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கின்றன. எனவே ஒரு மைக்ரோநொடியில், அதாவது ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் செல்கின்றன. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் அமைந்துள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் இவ்வுறவைக் கொண்டே இயங்குகிறது. 1024 அலைவாங்கிகள் வழியே மேல்நோக்கி அனுப்பப்படும் அலை, வளிமண்டலத்தில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் உயரம் தெரியவரும். அலை போய்வர வேண்டியிருத்தலின், ஒரு மைக்ரோநொடி இங்கு 150 மீட்டர் உயரத்தைக் குறிக்கும்.

வழிகாட்டுச் செயற்கைக்கோள்களின் அடிப்படையும் இதுவே. செயற்கைக்கோள் தன் நேரத்தை அறிவிக்கிறது. நிலத்திலுள்ள கருவி அது வந்துசேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஒரு மைக்ரோநொடி தவறினால் தொலைவு 300 மீட்டர் தவறும். ஆகவே இங்குத் தேவைப்படுவது நானோநொடி அளவிலான நுண்மை. ருபீடியம் அணு நொடிக்கு ஏறத்தாழ 683 கோடி முறை என்னும் மாறா அலைவெண்ணில் ஆற்றலை ஏற்பதைப் பயன்படுத்தி அணுக்கடிகாரம் அந்நுண்மையை எட்டுகிறது. நுண்மை இவ்வளவுக்கு உயர்ந்தபோதுதான் சார்பியல் விளைவுகள் புறக்கணிக்க இயலாதனவாயின.

3. ஓடும் கடிகாரம் மெதுவாகச் செல்வது மெய்யா?

ஒளியின் விரைவு, அதனை அளப்பவர் நின்றாலும் ஓடினாலும் மாறுவதில்லை. சிறப்புச் சார்பியலின் அடித்தளம் இதுவே. எல்லாமே சார்புடையவை என்று கூறுவதே இக்கோட்பாடு என்னும் கருத்துத் தவறானது. எவரையும் சாராத ஒன்றை நிலைநாட்டியதன் விளைவாகவே காலமும் நீளமும் சார்புடையனவாயின.

ஒரு பெட்டியின் அடியிலும் மேலும் இரு கண்ணாடிகள் இருப்பதாகவும், அவற்றிடையே ஓர் ஒளிக்கீற்று மேலும் கீழும் சென்று வருவதாகவும் கொள்க. ஒவ்வொரு வருகையும் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. இப்பெட்டி இரேணிகுண்டாவிலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் வைக்கப்பட்டால், வண்டியினுள் இருப்பவர்க்கு ஒளி நேராகவே ஏறி இறங்கும். நடைமேடையில் நிற்பவர்க்கோ, ஒளி மேலே செல்வதற்குள் பெட்டி முன்னேறிவிடுவதால், அதன் பாதை சாய்ந்தும் நீண்டும் தோன்றும். பாதை நீண்டது, ஒளியின் விரைவோ மாறவில்லை. ஆகவே ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் மிகுதல் வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டியில் இவ்வேறுபாடு மிகமிகச் சிறிது. ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிக் கூறுகளாகப் பகுத்தால், அவற்றுள் ஒன்றரைக் கூறே ஒரு மணி நேரப் பயணத்தில் குறையும்.

இது வெறுந்தோற்றமாயின், பயணம் முடிந்ததும் இரு கடிகாரங்களும் ஒத்துப்போதல் வேண்டும். 1971இல் ஆபீல், கீட்டிங் என்னும் இருவர் சீசியம் கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, நிலத்தில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டனர். கிழக்கு நோக்கிச் சென்றவை 59 நானோநொடி பின்தங்கியிருந்தன. மேற்கு நோக்கிச் சென்றவை 273 நானோநொடி முந்தியிருந்தன. விரைவு, உயரம், புவிச்சுழற்சி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணித்த அளவுகளோடு இவை பிழை வரம்புக்குள் பொருந்தின. கடிகாரங்கள் அருகருகே வைக்கப்பட்ட பின்னும் வேறுபாடு நீடித்தமையால் அது மெய்யானதே என்பது தெளிவாயிற்று.

4. உயரத்திலுள்ள கடிகாரம் விரைவது ஏன்?

மேல்நோக்கி எறிந்த கல் விரைவை இழக்கிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி விரைவை இழப்பதில்லை. மாறாக ஆற்றலை இழக்கிறது. ஒளியின் ஆற்றல் அதன் அலைவெண்ணைப் பொறுத்தது. ஆதலின் கீழிருந்து புறப்பட்ட அலை மேலே சென்றடையும்போது அலைவெண் குறைந்து காணப்படும். ஆனால் வழியில் அலைமுகடுகள் எங்கும் தொலைந்துபோவதில்லை. கீழே நொடிக்கு இத்தனை என்று புறப்பட்டவை மேலே நொடிக்குக் குறைவாக வருமாயின், மேலுள்ளவரின் நொடியும் கீழுள்ளவரின் நொடியும் ஒத்தவையல்ல என்பதே பொருள். மேலுள்ள கடிகாரம் விரைந்தும் கீழுள்ளது மெதுவாகவும் செல்கின்றன. 1960இல் பவுண்டு, இரெப்கா ஆகியோர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டிலேயே இம்மாற்றத்தை அளந்து காட்டினர்.

தமிழ்நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருமலை, அடிவாரத்திலுள்ள திருப்பதி நகரினும் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டிடத்தும் ஒத்த அணுக்கடிகாரங்களை வைத்தால், மலைமேல் உள்ளது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறரை நானோநொடி முந்தும். ஓராண்டில் இது இரண்டரை மைக்ரோநொடியை நெருங்கும். மலைமேல் எண்பது ஆண்டு வாழ்பவர், அடிவாரத்தில் வாழ்பவரைவிட ஒரு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவே மூப்படைவார். இவ்வேறுபாட்டை மனிதர் உணர இயலாது, அணுக்கடிகாரம் உணரும். சப்பானிய அறிவியலார் 450 மீட்டர் உயர வேறுபாட்டில் இத்தகைய அளவீட்டைத் தோக்கியோவின் கோபுரம் ஒன்றில் நிகழ்த்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர்.

5. இரு விளைவுகளுள் எது மிகும்?

செயற்கைக்கோள் விரைந்தும் செல்கிறது, உயரத்திலும் உள்ளது. விரைவு கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கும். உயரம் முன்னுக்குத் தள்ளும். நாவிக் செயற்கைக்கோள்கள் புவிமையத்திலிருந்து ஏறத்தாழ 42,164 கிலோமீட்டர் தொலைவில், நொடிக்கு 3.07 கிலோமீட்டர் விரைவில் செல்கின்றன. விரைவினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.5 மைக்ரோநொடி பின்தங்கலும், உயரத்தினால் 51 மைக்ரோநொடி முந்துதலும் ஏற்படும். எஞ்சுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 46.5 மைக்ரோநொடி முந்துதல். தாழ்வான சுற்றுப்பாதையுடைய அமெரிக்க வழிகாட்டுச் செயற்கைக்கோள்களுக்கு இவ்வளவு ஏறத்தாழ 38.5 ஆகும்.

ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது புவி ஆரத்தின் பாதியளவு உயரத்தில், இரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதற்குக் கீழே விரைவின் விளைவே மிகும். ஆகவே, அதே சிறீஅரிக்கோட்டாவிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பப்பெறும் புவிநோக்குச் செயற்கைக்கோளில் காலம் நிலத்தைவிட மெதுவாகவும், நாவிக் செயற்கைக்கோளில் விரைவாகவும் செல்கிறது.

6. பழுதா, இயல்பா?

இவ்விளைவு கடிகாரத்தின் பொறியமைப்பில் நேரும் குறையாக இருக்கலாகாதா என்னும் ஐயம் இயல்பானது. பொறியாளரிடையேயும் இவ்வையம் இருந்தது. 1977இல் அமெரிக்கா ஏவிய ஒரு சோதனைச் செயற்கைக்கோளின் சீசியம் கடிகாரத்தில், சார்பியல் திருத்தம் தரும் கருவி பொருத்தப்பட்டும் முதலில் இயக்கப்படாமல் விடப்பட்டது. ஏறத்தாழ இருபது நாள் நோக்கியபோது, கடிகாரம் இலட்சம் கோடியில் 442.5 பங்கு முந்தியது. கோட்பாடு கூறிய அளவு 446.5. அதன்பின் திருத்தக் கருவி இயக்கப்பட்டது.

பொறியமைப்பே இல்லாத கடிகாரமும் உண்டு. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. அவற்றின் சராசரி வாழ்நாள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் விரைவில் சென்றாலும் அக்கால அளவில் ஏறத்தாழ 660 மீட்டரே கடக்க இயலும். ஆயினும் பல கிலோமீட்டர் கடந்து அவை நிலத்தை வந்தடைகின்றன. சித்தூர் மாவட்டத்தின் மேற்கெல்லையை அடுத்த கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அவற்றைப் பல்லாண்டு அளந்தனர். மியூவானுக்குள் பழுதுறத்தக்க உறுப்பு எதுவும் இல்லை. அதன் காலமே நீள்கிறது.

பழுதையும் இயல்பையும் வேறுபடுத்தும் அளவுகோல் இதனால் கிடைக்கிறது. பழுது தனிக்கடிகாரத்திற்கு உரியது. எப்போது நேரும் என முன்கூட்ட இயலாதது. வகைக்கு வகை வேறுபடுவது. சார்பியல் விளைவோ எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவானது. சுற்றுப்பாதையை அறிந்தால் ஏவுவதற்கு முன்பே கணிக்கத்தக்கது. ருபீடியம், சீசியம், மியூவான் என்னும் வேறுபாடு பாராதது. 2016இல் நின்ற கடிகாரங்களுக்கு நேர்ந்தது முன்னது. நாள்தோறும் முந்தும் 46.5 மைக்ரோநொடி பின்னது.

7. பிழை நாளொன்றுக்கு 14 கிலோமீட்டரா?

46.5 மைக்ரோநொடியில் ஒளி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் செல்லும். எனவே சார்பியல் திருத்தம் இல்லையேல் இடங்காட்டுதல் நாளொன்றுக்கு அவ்வளவு தவறும் என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்று முழுமையானதன்று. பயனாளரின் கருவியில் அணுக்கடிகாரம் இல்லை. ஆகவே அது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, இடத்தோடு தன் கடிகாரப் பிழையையும் சேர்த்தே கணிக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு முந்துமாயின், அப்பொதுப்பிழை கருவியின் கடிகாரப் பிழையோடு சேர்ந்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

நீங்காதவை வேறு. அமெரிக்கத் தொகுதியையும் நாவிக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும் கருவியில், இரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு 8 மைக்ரோநொடி வேறுபாடு வளரும். தொலைவில் இது 2.4 கிலோமீட்டர். அதனை ஒரே பொதுப்பிழையாகக் கழித்தல் இயலாது. மேலும் எந்தச் சுற்றுப்பாதையும் முழுவட்டமன்று. புவியை நெருங்கும்போது கடிகாரம் சற்று மெதுவாகவும், விலகும்போது சற்று விரைவாகவும் செல்லும். இவ்வேற்றத்தாழ்வு சில நானோநொடி அளவினதாயினும், செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் வேறுபட்டு, மீட்டர் அளவிலான பிழையை விளைவிக்கும். இதற்கான திருத்தத்தைப் பயனாளரின் கருவியே செய்துகொள்ளுமாறு விதிக்கப்பட்டுள்ளது. கடலில் வலைவீசும் மீனவரின் கையிலுள்ள கருவியும் சார்பியல் சமன்பாடு ஒன்றை ஓயாது கணித்துக்கொண்டிருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஓடும் கடிகாரம் மெதுவாதலும் உயரத்துக் கடிகாரம் விரைதலும் தோற்றமல்ல, அளந்தறியப்பட்ட மெய்ம்மைகள் என்பதும், அவை கடிகாரத்தின் குறையல்ல, காலத்தின் இயல்பு என்பதும் பெறப்படும். 2025 சனவரி 29 அன்று சிறீஅரிக்கோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள், அதன் பொறியில் ஓர் அடைப்பிதழ் திறவாமையால் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. அடைப்பிதழும் கடிகாரமும் பழுதுறலாம். அவற்றைச் செப்பமாகச் செய்தல் மாந்தர் கடமை. காலத்தின் இயல்பைச் செப்பம் செய்தல் எவர்க்கும் இயலாது. அதனை அறிந்து கணக்கிற் கொள்ளுதலே இயலும். இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே பொதுமக்களுக்குச் சார்பியல் வழங்கும் முதற்பயன் எனலாம்.