ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்தில் நீங்களும் உட்காரலாம்... இங்கிலாந்தில்!

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ராத்திரி பகலாகக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். இங்கிலாந்தில் அந்த வழக்கம் கிடையாது. நர்ஸ்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் 2007-ல், ஸ்டாஃபோர்டு நகர அரசு மருத்துவமனையில் ஜூலி பெய்லி என்ற பெண், தன் அம்மா பெல்லாவை விட்டுப் போகவே பயந்து வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார். கேட்டும் தண்ணீர் கிடைக்காத நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அந்த நவம்பரில் பெல்லா இறந்துபோனார்.

ஊரில் ஒரு கஃபே நடத்திவந்த ஜூலி, தன்னைப்போலவே உறவுகளைப் பறிகொடுத்தவர்களை அங்கே கூட்டிச்சேர்த்துப் போராட ஆரம்பித்தார். 'இவ்வளவும் நடக்கும்போது நிர்வாகக் குழு என்ன செய்துகொண்டிருந்தது?' என்பதுதான் அவர்கள் எல்லோருடைய கேள்வியும்.

வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் விசாரணை நடந்து, 2010-ல் அறிக்கை வந்தது. 1 கோடி பவுண்டு மிச்சம் பிடிப்பதற்காக, ஏற்கெனவே ஆள் பற்றாத ஆஸ்பத்திரியில் வேலையிடங்களை வெட்டியிருந்தார்கள். அதோடு இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. ரகசியம் நிஜமாகவே தேவையா என்று கேட்கவேண்டிய விஷயங்களைக்கூட நிர்வாகக் குழு பெரிய அளவில் மூடிய கதவுக்குப் பின்னால்தான் பேசி முடித்திருக்கிறது.

இத்தனைக்கும் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் சட்டம் அங்கே 1960-லேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அப்போதுதான் முதல்முறை எம்.பி ஆகியிருந்த மார்கரெட் தாட்சர்! நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப்பேச்சே இந்த மசோதாவுக்காகத்தான். கூட்டத்துக்கு 3 நாள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், மக்களையும் பத்திரிகையாளர்களையும் உள்ளே விட வேண்டும் என்கிறது சட்டம்.

ஆனால், ஓட்டையும் அதிலேயே இருந்தது. 'இது ரகசியமான விஷயம்' என்று ஒரு தீர்மானம் போட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடலாம். பிறகு, 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்று தன்னாட்சி பெற்ற மருத்துவமனைகளுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லாமல் போனது. பெல்லா இறந்து மூன்றே மாதத்தில், 2008 பிப்ரவரியில், ஸ்டாஃபோர்டு மருத்துவமனையை நடத்திய அமைப்புக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

2012-ல் வந்த புதிய சட்டம், தன்னாட்சி மருத்துவமனைகளின் இயக்குநர் குழுவும் மக்கள் முன்னால்தான் கூட வேண்டும் என்றது. அடுத்த வருடம் ஃபிரான்சிஸின் இரண்டாவது அறிக்கை, 290 பரிந்துரைகளோடு வந்தது. சிகிச்சையில் தவறு நடந்து பாதிப்பு ஏற்பட்டால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது 2014-ல் சட்டக் கடமையானது. ஸ்டாஃபோர்டு நிர்வாக அமைப்பைக் கலைக்கும் முடிவும் அதே வருடம் வந்தது.

இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பேசப்போகும் விஷயங்களும் அறிக்கைகளும் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். ஆனால், எழுந்து பேச உரிமை இல்லை. பல இடங்களில் கேள்வியை முன்பே எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். மக்கள் கிளம்பிய பிறகு தனியாக ஒரு கூட்டம் நடப்பதும் தொடர்கிறது. ஊழியர் விவகாரம், நோயாளியின் அந்தரங்கம் என்றால் சரி. மற்றதையும் அதற்குள் தள்ளினால், அது தெரிந்தவர்தான் கேட்க முடியும்.

பல மருத்துவமனைகளில் கூட்டம் தொடங்கியதும் வரவுசெலவை எடுப்பதில்லை. முதலில் ஒரு நோயாளியோ, அவர் வீட்டில் ஒருவரோ தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். இயக்குநர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.