தண்ணீரோடு பழகுவோம்: நீர்வர்ணம் தீட்டத் தொடங்குவோருக்கு

சித்திரப் பாடம் என்றதும் நமது பாடசாலைகளில் முதலில் கைக்கு வருவது நீர்வர்ணப் பெட்டி. விலை குறைவு. எண்ணெய் வர்ணம் போல மணப்பதில்லை. கழுவுவது சுலபம். மேசையின் ஒரு மூலையே போதும். ஆயினும், தொட்ட வேகத்திலேயே பலர் கைவிடுவதும் அதைத்தான். பென்சிலால் அழகாக வரைந்து முடித்த பூவை, வர்ணம் தீட்டும்போது கெடுத்துவிட்டதாகக் கவலைப்படும் தோழியர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. "எனக்குக் கை வராது" என்ற தீர்ப்பையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாகக் கற்கும் நான் அந்தத் தீர்ப்பை ஏற்பதில்லை. நீர்வர்ணத்தில் நேரும் கேடுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வருவதில்லை. தண்ணீரின் குணம் தெரியாததால் வருகின்றன. குணம் தெரிந்துவிட்டால் கை தானாகப் பழகும்.

என் தங்கச்சி இப்போது 9ஆம் தரத்தில் படிக்கிறாள். 10ஆம் தரத்துக்குரிய பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வந்தபோது, சித்திரத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். அவளது சித்திரக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். கோடுகள் நன்றாகவே இருந்தன. தாள்தான் மிக மெல்லியது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் சுருண்டு, பள்ளங்களில் வர்ணம் தேங்கிக் கறையாகியிருந்தது. தாளின் குறையைத் தன் கையின் குறை என்று அவள் நினைத்திருந்தாள். எந்தப் பாடத்தை எடுப்பது என்பது அவளுடைய விருப்பம். ஆனால் பிழையான ஒரு காரணத்துக்காக யாரும் ஒரு கலையை விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு மாலை வேளைகளில் சொல்லிக் கொடுத்தவற்றையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வர்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

நீர்வர்ணத்தில் முக்கியமாக இரண்டு பொருட்கள் உள்ளன. ஒன்று நுண்ணிய நிறத்தூள். மற்றையது அதைக் கடதாசியில் ஒட்ட வைக்கும் பிசின். அந்தப் பிசினுக்கு அரபுப் பிசின் என்று பெயர். அக்கேசியா இன மரங்களிலிருந்து அது கிடைக்கிறது. சூடான் நாடு அதன் முக்கிய உற்பத்தியாளர். தண்ணீர் பிசினைக் கரைத்து நிறத்தூளைப் பரப்புகிறது. பின்னர் தண்ணீர் ஆவியாகிவிட, பிசின் நிறத்தூளைத் தாளோடு பிடித்துக்கொள்கிறது.

இந்தப் படலம் மெல்லியது. ஒளியை உள்ளே விடக்கூடியது. ஒளி வர்ணத்தினூடாகச் சென்று வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் வர்ணத்தினூடாகவே நமது கண்ணுக்குத் திரும்புகிறது. நல்ல நீர்வர்ண ஓவியம் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். போஸ்டர் வர்ணம் இவ்வாறன்று. அது தாளை மூடிவிடும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் பறவைகளையும் விலங்குகளையும் தீட்டிப் புகழ்பெற்ற உஸ்தாத் மன்ஸூர் போன்றோர் பெரிதும் கையாண்டதும், நீரில் கரைத்த ஆனால் தாளை மூடும் வர்ணமே. இரண்டும் சிறந்த வழிகள்தாம். ஆனால் ஒன்றின் விதியை மற்றதில் பயன்படுத்தினால் ஏமாற்றமே மிஞ்சும்.

எதற்குச் செலவழிக்க வேண்டும்?

நம்மில் பலர் 24 நிறங்கள் கொண்ட பெட்டியை வாங்கிவிட்டு, கையில் கிடைத்த தாளில் தீட்டுகிறோம். முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கடதாசி, பிறகு தூரிகை, கடைசியாகவே வர்ணம்.

போட்டோ பிரதி எடுக்கும் தாள் பொதுவாக 80 ஜி.எஸ்.எம். தடிப்புள்ளது. அது நீரைத் தாங்காது. நீர்வர்ணத்துக்கென விற்கப்படும் 300 ஜி.எஸ்.எம். கடதாசி அதிகம் சுருளாது. விலை கூடியதுதான். ஆனால் ஒரு ஏ3 தாளை எட்டாக வெட்டினால் அஞ்சலட்டை அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பயிற்சிக்கு அந்த அளவே சிறந்தது. துண்டின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பினால் ஒரு பலகையில் ஒட்டிக்கொண்டால் சுருளுதல் இன்னும் குறையும்.

தூரிகைகளில் நடுத்தர அளவான வட்டத் தூரிகை ஒன்றும் சிறியது ஒன்றும் போதும். நனைத்து உதறியதும் முனை கூராகச் சேர்ந்தால் அது நல்ல தூரிகை. அதைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் நிற்க வைக்க வேண்டாம், மயிர் வளைந்துவிடும். வர்ணம் கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான், துடைக்கப் பழைய பருத்தித் துணி, தண்ணீருக்கு இரண்டு ஜாம் போத்தல்கள். ஒரு போத்தலில் தூரிகையைக் கழுவுங்கள். மற்றதிலுள்ள சுத்தமான நீரை வர்ணம் கரைக்க மட்டும் எடுங்கள்.

மூன்று பதம்

தேங்காய்ப் பூவைப் பிழியும்போது தலைப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று பதம் வருவது நமது சமையலறைகளில் எல்லோருக்கும் தெரியும். வர்ணத்தையும் அவ்வாறே மூன்று பதமாக எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாம் பால் போன்ற நீர்த்த வர்ணம் வானத்துக்கும் முதற் படலத்துக்கும் உரியது. இரண்டாம் பால் பதம் மரங்கள், கூரைகள், நிழல்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். தலைப்பால் போன்ற செறிந்த வர்ணம் கடைசியில் இடும் கரிய கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் மட்டுமே. நீர்த்ததிலிருந்து செறிந்ததற்குச் செல்வதே வழக்கம். முதலிலேயே கடும் நிறத்தை இட்டுவிட்டால் திரும்பி வருவது கடினம்.

வர்ணத்தைப் போலவே கடதாசிக்கும் மூன்று நிலைகள் உண்டு. பலகையைச் சிறிது சாய்த்துப் பாருங்கள். தாள் கண்ணாடி போல மினுங்கினால் அது நன்றாக ஈரமாக உள்ளது. அப்போது இடும் நிறம் பரவி, ஓரமில்லாமல் மென்மையாகக் கலக்கும். மேகத்துக்கும் தூரத்து மரங்களுக்கும் இந்த நேரம் ஏற்றது. மினுக்கம் மறைந்தும் தாள் குளிர்ச்சியாக இருந்தால் அது அரை ஈரம். அந்த நிலையில் கையை எடுத்துவிடுவதே புத்தி. ஏனெனில் அரை ஈரத் தாளில் நீர் கூடிய தூரிகை பட்டால், அந்த நீர் காய்ந்துகொண்டிருக்கும் பகுதியை நோக்கி ஓடி, வழியிலுள்ள நிறத்தூளையும் தள்ளிச் சென்று ஓரத்தில் விட்டுவிடும். கிழிந்த பூவிதழ் போன்ற அந்தக் கறைதான் நம்மில் பலரை அழ வைப்பது. மூன்றாவது நிலை, முழுவதும் காய்ந்த தாள். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியாது. கூர்மையான ஓரங்களை இப்போதே தீட்ட வேண்டும்.

இந்த நிலைகள் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை நமது காலநிலையே தீர்மானிக்கிறது. கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். வாடைக் கால மழையிலோ அரை மணி நேரம் சென்றாலும் குளிர்ச்சி போகாது. ஆகவே கடிகாரத்தை நம்பாமல் புறங்கையை நம்புங்கள்.

வானம் தீட்டும் முறை

வாவிக்கு மேலுள்ள மாலை வானத்தை எடுத்துக்கொள்வோம். மேலே நிறம் செறிவாகவும், கீழே வர வர வெளிறியும் இருக்கும். பலகையின் மேற்பக்கத்துக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். தேவையான நிறத்தை முன்கூட்டியே பீங்கானில் தாராளமாகக் கரைத்து வையுங்கள். பாதியில் நின்று கலக்க நேரம் கிடைக்காது. தாளின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரு பட்டை இழுங்கள். அதன் கீழ் விளிம்பில் நீர் மணிபோலத் திரண்டு நிற்கும். அடுத்த பட்டை அந்த நீரைத் தொட்டுக்கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் தூரிகையில் சிறிது நீரைக் கூட்டுங்கள். கடைசியில் தேங்கும் நீரை, துடைத்த தூரிகையின் முனையால் உறிஞ்சி எடுங்கள். தீட்டிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதி வெற்றி.

இதற்கு எதிரான முறை உலர்ந்த தூரிகை. வர்ணம் தொட்ட தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, காய்ந்த தாளில் படுத்தவாறு விரைவாக இழுத்தால் நிறம் தாளின் மேடுகளில் மட்டும் படியும். வாவி நீரின் மினுக்கமும் தென்னை மரப் பட்டையின் சொரசொரப்பும் இவ்வாறு கிடைக்கும்.

வெள்ளையைக் காப்பாற்றுதல்

இந்த முறையில் வெள்ளை நிறத்தைத் தீட்டுவதில்லை. தாளையே வெள்ளையாக விட்டுவைக்கிறோம். ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன்பே எந்த இடம் வெள்ளை என்பதைத் தீர்மானித்து, மெல்லிய பென்சில் கோட்டால் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொடியில் காயும் நமது வெள்ளைச் சீருடையைத் தீட்ட முயன்று பாருங்கள். சீருடையைச் சுற்றியுள்ள சுவரையும் மரங்களையும் தீட்டினாலே சீருடையின் உருவம் வெளிப்பட்டுவிடும். பிறகு மடிப்புகளில் மட்டும் நீர்த்த நீலச் சாம்பல் நிறத்தை இடுங்கள். வெள்ளை என்று நாம் சொல்வதில் எத்தனை நிழல்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். எங்காவது நிறம் தவறுதலாகப் பட்டால், ஈரமாக இருக்கும்போதே சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பிய்ந்துவிடும்.

நிறக் கலப்பு

பெட்டியிலுள்ள பச்சையை அப்படியே எடுத்து வயலுக்கும் தென்னைக்கும் வாழைக்கும் பூசினால் எல்லாம் பிளாஸ்டிக் போலத் தெரியும். எலுமிச்சை மஞ்சளோடு நீலம் சேர்த்தால் இளம் பயிரின் துலக்கமான பச்சை வரும். செம்மை கலந்த மஞ்சளோடு அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்தால் முதிர்ந்த இலையின் மங்கிய பச்சை வரும். அல்ட்ராமரைனோடு செம்பழுப்பைக் கலந்தால் அழகான சாம்பல் நிறங்கள் கிடைக்கும். கறுப்பைத் தேட வேண்டிய தேவை குறைவு.

ஒரே நேரத்தில் இரண்டு நிறங்களை, மிஞ்சினால் மூன்றைக் கலவுங்கள். அதற்கு மேல் போனால் சேறுதான். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால், நினைத்ததைவிடச் சற்றுச் செறிவாக இட வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து ஒவ்வொரு கலவையையும் முதலில் அதில் பரீட்சித்துப் பாருங்கள்.

தாளிலேயே நிறம் கலக்கும் வழியும் உண்டு. மஞ்சள் படலத்தை இட்டு, அது முற்றாகக் காய்ந்த பின் மேலே நீர்த்த நீலத்தை இட்டால், கீழுள்ள மஞ்சள் ஊடுருவித் தெரிந்து பச்சையாகும். அவசரப்பட்டால் இரண்டும் கலங்கிவிடும். பரீட்சையில் நேரம் குறைவு என்போருக்கு ஒரு யோசனை: ஒரு பகுதி காயும் வரை அதைத் தொடாத இன்னொரு பகுதியைத் தீட்டுங்கள்.

ஏழு நாள், ஏழு துண்டு

நாளொன்றுக்கு இருபது நிமிடங்கள் ஒதுக்க முடியுமானால் இவ்வாறு தொடங்கலாம். முதல் நாள், ஒரே நிறத்தைக் கடுமையிலிருந்து வெளிறல் வரை ஆறு கட்டங்களில் தீட்டுங்கள். இரண்டாம் நாள் வானம். மூன்றாம் நாள், ஈரத் தாளில் மேகம். நான்காம் நாள், கலந்து பெற்ற எட்டுப் பச்சைகள். ஐந்தாம் நாள், வெள்ளைத் துணியின் மடிப்பு. ஆறாம் நாள், மூன்று படலங்களில் ஓர் இலை. ஏழாம் நாள், முற்றத்தில் முளைத்த ஒரு பிடி புல்.

புல்லா என்று கேட்க வேண்டாம். ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1503ஆம் ஆண்டில் ஒரு புல்திட்டையே நீர்வர்ணத்தில் தீட்டினார். புல்லும் களைகளும் மண்ணும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இன்றும் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகம் அதைப் பாதுகாத்து வருகிறது. நமது நாட்டுக்கும் இக்கலையோடு பழைய தொடர்பு உண்டு. 1846இல் இங்கு வந்த அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல், இன்று றோயல் கல்லூரியாக விளங்கும் அன்றைய கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பித்தார். காடுகளினூடாகப் பயணம் செய்து இலங்கையின் காட்சிகளை நீர்வர்ணத்தில் பதித்தார்.

பெற்றோருக்கு

உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய வர்ணப் பெட்டிக்குப் பதிலாக நல்ல கடதாசி சிலவற்றை வாங்கிக் கொடுங்கள். கெட்டுப்போன தாள்களை வீண்செலவு என்று எண்ணாதீர்கள். கணிதக் கொப்பியில் வெட்டித் திருத்திய கணக்குகளை நாம் அப்படி எண்ணுவதில்லையே. பரீட்சைக் காலத்தில் பிள்ளை இருபது நிமிடம் தூரிகையோடு இருந்தால் படிப்புக் கெட்டுவிடாது. தாள் காயும்வரை பொறுத்திருக்கவும், தொடங்கும் முன் முடிவை யோசிக்கவும், ஓர் இலையை உற்றுப் பார்க்கவும் அவள் பழகுகிறாள். தாவரவியல் படிப்பவளுக்கும் ஆடை வடிவமைப்பவளுக்கும் அந்தப் பழக்கம் உதவும்.

தங்கையரே, தீட்டிய ஒவ்வொரு துண்டின் பின்புறமும் திகதியைக் குறித்து ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். ஒன்றையும் வீச வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் துண்டையும் கடைசித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை வருமா வராதா என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.