படம் வாங்கினால் மாணவருக்கு மருந்து!
சாந்திநிகேதனில் டிசம்பர் கண்காட்சி

மேற்கு வங்காளத்தில் இருக்கிறது சாந்திநிகேதன். கவி தாகூர் அமைத்த விசுவபாரதி பல்கலைக்கழகம் உள்ள ஊர். 1919-ம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஓவியக் கல்லூரிக்குப் பெயர், கலாபவனம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 தேதிகளில் அங்கே "நந்தன் மேளா" என்னும் கண்காட்சி நடைபெறும்.

குருவின் பிறந்த நாள்

டிசம்பர் 3, நந்தலால் போஸ் பிறந்த நாள். கலாபவனத்தை வளர்த்த குரு அவர். நமது அரசியல் சட்டத்தின் மூலப்பிரதியைச் சித்திரங்களால் அழகுபடுத்தியவர்கள் அவரும் அவருடைய மாணவர்களுமே. அவர் நினைவாகவே இந்த மேளா.

என்னென்ன கிடைக்கும்?

ஓவியம், மண்பாண்டம், நாட்காட்டி, வாழ்த்து அட்டை எல்லாம் விற்பனைக்கு வரும். மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கையால் செய்தவை.

பணம் எங்கே போகிறது?

விற்ற பணத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அது மாணவர் நல நிதியில் சேருகிறது. நோயில் படுத்த மாணவருக்கு வைத்தியம் பார்க்கவும், கஷ்டப்படும் மாணவருக்குக் கைகொடுக்கவும் அந்த நிதி உதவுகிறது.

மேளாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். ராம்கிங்கர் 1938-ல் செய்த "சாந்தால் குடும்பம்" சிலை அதே வளாகத்தில் நிற்கிறது. கூடையில் குழந்தையைச் சுமந்து, நாயுடன் நடக்கும் ஏழைக் குடும்பம் அது!

போல்பூர் ரெயில் நிலையத்தில் இறங்கினால் சாந்திநிகேதன் பக்கம்தான்.