ஓர் எழுத்தில் மாறும் அளவு: 'லிட்டில்', 'எ லிட்டில்' வேறுபாடு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து வேலை தேடி சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் இளைஞர்களிடம் நேர்காணலில் தவறாமல் கேட்கப்படுவது முன் அனுபவம். "கொஞ்சம் அனுபவம் உண்டு" என்று சொல்ல நினைத்து, "ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்" என்று சொல்லிவிட்டால், "அனுபவம் இல்லை என்றே சொல்லலாம்" என்றுதான் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். "எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதே சரி.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எண்ணக்கூடிய பொருள்களுக்கு 'ஃபியூ', 'மெனி'. எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்', 'மச்'. மரக்காணம் உப்பளத்து உப்பை எண்ண முடியாது, ஆனால் உப்பு மூட்டைகளை எண்ணலாம். எனவே உப்புக்கு 'மச் சால்ட்', மூட்டைகளுக்கு 'மெனி பேக்ஸ்'. பணத்தில் பலர் ஏமாறுவார்கள். நாம் நோட்டுகளை எண்ணினாலும் ஆங்கிலத்தில் 'மணி' எண்ணப்படாத சொல். ஆகவே 'மச் மணி', ஆனால் 'மெனி ருபீஸ்'.

அடுத்தது, முன்னால் வரும் 'எ'. இதைப் புரிந்துகொள்ளத் தமிழே உதவும். "கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள்" என்றால் வந்தவர்களைச் சொல்கிறோம். "சிலரே வந்தார்கள்" என்றால் வராதவர்களை நினைத்துக் குறைப்படுகிறோம். முன்னது 'எ ஃபியூ', பின்னது 'ஃபியூ'. அதேபோல, "வீடூர் அணையில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது" என்பது 'எ லிட்டில்'. "கொஞ்சமே இருக்கிறது" என்பது 'லிட்டில்'. தமிழில் 'ஏ' சேர்ந்தால் குறை தெரியும். ஆங்கிலத்தில் 'எ' நீங்கினால் குறை தெரியும்.

குடிநீர் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுபவர் "வி கெட் எ லிட்டில் வாட்டர்" என்று எழுதினால், "ஓரளவு தண்ணீர் வருகிறது" என்றாகிவிடும். அவர் சொல்ல வந்த குறையே மறைந்துபோகும்.

இன்னும் மூன்றை நினைவில் வையுங்கள். 'தி லிட்டில்' என்றால் இருந்த கொஞ்சநஞ்சம் முழுவதும். 'ஒன்லி எ ஃபியூ' என்றால் சிலர் மட்டுமே. 'குயிட் எ ஃபியூ' என்றால் கணிசமான பேர்.

எழுதுவதற்கு முன் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொஞ்சம்தான்', 'சிலரே' என்று வாயில் வந்தால் 'எ' வேண்டாம். வெறும் 'கொஞ்சம்', 'சிலர்' என்று வந்தால் 'எ' போடுங்கள்.