உங்களுக்குத் தெரியுமா? வலி வந்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால்?

முதலில் வலி எப்படி வருகிறது என்று கடலில் பார்ப்போம். மூச்சடக்கி முத்துக் குளித்தவர் ஒரு தடவை முங்கினால் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் அடியில் இருப்பார். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல்! காற்று தரும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கெடுக்க இறங்குபவரோ ஒரே மூச்சில் மேலே வரவேண்டிய தேவையே இல்லாமல் அடியிலேயே கிடக்கலாம்!

வெறும் 10 மீட்டர் ஆழம் போதும். உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு! 20 மீட்டரில் மூன்று மடங்கு!

அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். தோள்பட்டை குடையும், முழங்கை குடையும். கரையேறிப் பல மணி நேரம் கழித்தும் வலி தொடங்கலாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகுகூட!

இந்த வலியைத் தவிர்க்க எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும்? 1908-இல் விஞ்ஞானி ஹால்டேனின் குழு கணக்குப் போட்டுச் சொன்னது. அதற்கு உதவியவை ஆடுகள்! கால் வலித்த ஆடு, முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக் கொடுத்தது!

ஆழத்தில் முங்கிக் குளிப்பவரின் எலும்பே உள்ளுக்குள் செத்துப்போகலாம். பல மாதம் வலியே தெரியாது. தோள் மூட்டோ இடுப்பு மூட்டோ நொறுங்கும்போதுதான் தெரியும்!

எந்த வலியானாலும், எத்தனை நாள் நீடித்தால் அது நாள்பட்ட வலி? 3 மாதம் தாண்டினாலே போதும்!

நாள்பட்ட வலி உள்ள நோயாளிகளில் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 67 முதல் 88 பேர் என்கின்றன ஆய்வுகள்!

இனிதான் ஆச்சரியமே! 1975, கனடா. மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவர், நோய்நொடி இல்லாத 6 பேரின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சத்தம் எழுப்பிக் கெடுத்தார். சில இரவுகள்தான். உடம்பெல்லாம் வலி! அழுத்தினால் தசை நொந்தது!

நார்வேயின் டிரோம்சோ நகரில் 10,412 பேர் பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தார்கள். 106 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். நன்றாகத் தூங்குபவர்களில் 31 சதவீதம் பேர் முன்னதாகவே கையை எடுத்தார்கள். தூக்கமின்மை உள்ளவர்களில்? 42 சதவீதம்!

ஒரே ஒரு இரவு கண்விழித்தால் என்ன ஆகும்? வலியை உணரும் மூளைப் பகுதி கூடுதலாகத் துடிக்கும். வலியைத் தணிக்கும் பகுதி மந்தமாகிவிடும். 2019-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் படமெடுத்தே காட்டியது!

இப்போது நல்ல செய்தி! பகலில் தூக்கம் சொக்கிய, வலியில்லாத 18 பேரை அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 4 இரவு, தினமும் 10 மணி நேரம் படுக்கை. சூட்டில் வைத்த விரலை அவர்கள் எடுக்க ஆன நேரம் 25 சதவீதம் கூடியது! மாத்திரை எதுவும் கிடையாது!

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை எது? தூக்க மாத்திரை அல்ல! பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று 2016-இலேயே அமெரிக்க மருத்துவர் கல்லூரி அடித்துச் சொல்லிவிட்டது!

சங்கு குளிக்கிற அண்ணாச்சி, உப்பளத்தில் குனிந்து நிமிர்கிற அக்கா, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தம்பி! அடுத்த முறை டாக்டரிடம் போனால் “எங்கே வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு எண், சிகிச்சையையே மாற்றலாம்!