உங்களுக்குத் தெரியுமா? சீவாத தலைக்கு வந்த ஸ்டைல்!

பழைய ஹாலிவுட் படங்களில் நாயகிகள் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார்களே, முன்பக்கம் ஒரு முடிச்சு, நெற்றியில் எட்டிப் பார்க்கும் ஒற்றைச் சுருள்... அந்த டர்பன் 'விண்டேஜ்' என்ற பெயரில் மறுபடியும் வந்துவிட்டது. பார்க்க மகாராணி தோரணை. ஆனால் அதைக் கட்டியவர்களில் பலர் தலைவார வழியில்லாமல் கட்டியவர்கள்!

★ இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது அடிக்கடி கரண்ட் போனது. சலூனில் முடியைச் சுருட்டி உலர்த்த மின்சாரம் வேண்டுமே! 'செட்' செய்துகொள்வது நிச்சயமில்லாமல் போகவே, பெண்கள் டர்பனுக்கு மாறினார்கள். தொப்பிக்குத் தொப்பியும் ஆச்சு, கொண்டைக்குக் கொண்டையும் ஆச்சு. அப்படிக் கட்ட ஆரம்பித்தவர்களில் ஒருவர் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார். போர் முடிந்து கரண்ட் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. பெண்ணியத்தின் மிகப் பிரபலமான தலைப்பாகைக்குக் காரணம் பவர்கட்!

★ அதே பாரிஸில் பெட்ரோலும் கிடையாது. ஊரே சைக்கிளில் போனது. தொப்பி தைப்பதில் பேர்போன மேடம் பாலெட், ஒரு விருந்துக்குச் சைக்கிளில் கிளம்பினார். கறுப்பு ஜெர்ஸித் துணியைத் தலையில் சுற்றி, தங்க நிறப் பின்களைக் குத்திக்கொண்டு போய் இறங்கினார். விருந்தில் எல்லோரும் அதைப் பற்றியே விசாரிக்க, டர்பன் அவர் கடையின் அடையாளமாகிவிட்டது.

★ பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிமணிக்கு ரேஷன். முதல் ஆண்டில் தலைக்கு 66 கூப்பன். தொப்பிக்குக் கூப்பன் தேவையில்லை, ஆனால் விலை கையைக் கடித்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன பெண்களுக்கு இன்னொரு கவலை: எந்திரத்தில் முடி சிக்கினால் தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். ஒரு சதுர ஸ்கார்ஃப் இரண்டுக்கும் விடை சொன்னது.

★ அமெரிக்காவில் சிக்கல் வேறு. நடிகை வெரோனிகா லேக், ஒரு கண்ணை மறைத்து விழும் நீள முடிக்குப் பேர் போனவர். தொழிற்சாலைப் பெண்களும் அதே மாதிரி விட்டுக்கொண்டு எந்திரத்தின் முன் நின்றார்கள். விபத்துக்குப் பயந்த அரசு, முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லி நடிகையிடமே கேட்டது. 1943-ல் அவரும் கட்டிக்கொண்டார்.

★ டர்பனுக்குள் என்ன இருந்தது தெரியுமா? பெரும்பாலும் ஹேர்பின்கள்! ஈர முடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, விரலில் சுற்றி, தலையோடு ஒட்ட வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பின் குத்துவார்கள். இதற்குப் 'பின் கர்ல்' என்று பெயர். மேலே டர்பனைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்க வேலை. மாலையில் அவிழ்த்துச் சீவினால் அலை அலையாகச் சுருள் விழும், நேரே நடனத்துக்குப் போய்விடலாம். சந்தேகம் வராமலிருக்க நெற்றிப் பக்கம் ஒரு சுருளை மட்டும் வெளியே விட்டு வைத்தார்கள். இன்றைய 'விண்டேஜ் லுக்'கில் அந்தச் சுருளைத்தான் மெனக்கெட்டு உருவாக்குகிறோம்.

★ தொழிற்சாலை முண்டாசைக் கவர்ச்சிக்கு ஏற்றிய புண்ணியவதி லானா டர்னர். 1946-ல் வந்த 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' படத்தில் வெள்ளை ஷார்ட்ஸ், வெள்ளை டர்பனில் அவர் அறிமுகமாகும் காட்சியை இன்றும் ஃபேஷன் பத்திரிகைகள் விடுவதில்லை.

★ தலையில் பழக்கூடையே சுமந்த நடிகை கார்மென் மிராண்டா, சினிமாவுக்கு வருமுன் ரியோவில் தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். அவருடைய டர்பன், பிரேசிலின் பஹியா மாநிலத்தில் தெருவில் பலகாரம் விற்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுடையது. 1939-ல் அதைப் பளபளப்பாக்கிக்கொண்டு பிராட்வே மேடை ஏறினார், நியூயார்க் கடைகளில் டர்பன் குவிந்தது. பலகாரக்காரிகளுக்குப் பேரும் இல்லை, பைசாவும் இல்லை.

★ தண்டனையாகக் கொடுத்த தலைப்பாகையும் உண்டு. 1786-ல் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மீரோ, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தலையில் நகையும் இறகும் சூடக் கூடாது, துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் அழகு வெள்ளையர் கண்ணை உறுத்தியது! பெண்கள் மறுக்கவில்லை. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் துணி வாங்கி, விதவிதமாகச் சுற்றிக் கட்டினார்கள். 'தின்யோன்' எனப்படும் அந்தக் கட்டு, ஒடுக்க நினைத்தவர்களுக்கே ஃபேஷன் பாடம் எடுத்தது.

★ இனி நம்மூர்ச் சங்கதி. கரீபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியாவில் திருவிழா என்றால் பெண்கள் தலையில் கட்டுவது கட்டம் போட்ட பருத்தித் துணி. அதன் பெயர் 'மெட்ராஸ்'! சோழமண்டலக் கரையில் நெய்து, ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் போன கைக்குட்டைத் துணி அது. அங்கே அதைக் கட்டும் விதத்துக்கு ஒரு மொழியே உண்டு. தலைப்பாகையில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால் மனம் காலி. இரண்டு என்றால் ஆள் இருக்கிறது, இருந்தாலும் முயன்று பார்க்கலாம். மூன்று, கல்யாணமாகிவிட்டது. நான்கு? யார் வந்தாலும் இடமுண்டு! நம் ஊரில் லுங்கிக்குப் போன கட்டம், அங்கே காதல் கடிதமாகியிருக்கிறது. விண்டேஜ் டர்பனுக்குத் துணி தேடுகிறவர்கள் இணையத்தில் டாலர் கொடுக்குமுன் பக்கத்துக் கைத்தறிக் கடையை எட்டிப் பார்க்கலாம்.

★ பாரிஸ் ஃபேஷன் மேதை பால் புவாரே, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்து மயங்கினார். தொட்டுப் பார்க்க அனுமதி வாங்கி, தன் பணியாளரைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, மடிப்பு மடிப்பாக நகலெடுக்க வைத்தார். 1911 ஜூனில் அவர் நடத்திய 'ஆயிரத்து இரண்டாம் இரவு' விருந்துக்கு எல்லோரும் கீழை நாட்டு வேடத்தில்தான் வர வேண்டும் என்பது கட்டளை.

★ ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடணிந்த பெண்' தலையிலும் நீல டர்பன். சுமார் 1665-ல் வரைந்தது. அந்த நீலம் லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்தது.

★ அழகு என்று எடுத்தால் எல்லாம் செல்லாது. 2019-ல் குச்சி நிறுவனம், சீக்கியர் தலைப்பாகையை அச்சு அசலாகச் செய்து, 790 டாலர் விலைக்கு விட்டது. சீக்கியர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு அது நம்பிக்கை. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. கோபம் நியாயமானதே.

★ சரி, எப்படிக் கட்டுவது? பருத்தித் துப்பட்டா ஒன்று போதும். பட்டும் சாட்டினும் வழுக்கும், பழகியவர்களுக்குத்தான் சரிப்படும். நீளப் பின்னல் உள்ளவர்கள் பிடரியில் கொண்டை போடாமல் உச்சந்தலையில் போட்டுக்கொள்ளுங்கள், டர்பனுக்கு உயரம் தானாகக் கிடைக்கும். துப்பட்டாவை நீளவாக்கில் மடித்து, நடுப்பகுதியைப் பிடரியில் வைத்து, இரு முனைகளையும் நெற்றிக்கு மேலே கொண்டு வாருங்கள். ஒன்றோடொன்று ஒரு முறுக்கு முறுக்கி, பின்பக்கம் கொண்டுபோய்ச் செருகுங்கள். அந்த முறுக்குதான் 1940-களின் முடிச்சு. காதுக்குப் பின்னால் இரண்டு ஹேர்பின் குத்தினால் நழுவாது.

ஒரே எச்சரிக்கை: அவிழ்த்ததும் நெற்றியில் தடம் தெரிந்தால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். தினமும் அப்படி இழுத்துக் கட்டினால் முன்நெற்றி முடி கொட்டும். தளர்த்திக் கட்டுங்கள்.