நீரில் மூழ்கிய ஊர்களின் பெயர்கள்

பதின்பருவத்தினருக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் புதினங்களில் கடந்த கால் நூற்றாண்டாகப் பெருகிவரும் ஒரு வகை, கடல் ஏறி நகரங்களை விழுங்கிய பிறகும், மழை பொய்த்து ஆறுகள் வற்றிய பிறகும், எஞ்சிய நிலத்தையும் நீரையும் வலுத்தவர்கள் சிலர் வளைத்துக்கொண்ட பிறகும் பிறந்த பிள்ளைகளின் கதையைச் சொல்கிறது. திறனாய்வாளர்கள் இவ்வகையை 'டிஸ்டோபியா' என்பார்கள். தாமஸ் மோர் 1516இல் எழுதிய நூலில் தாம் படைத்த கற்பனைத் தீவுக்கு 'உட்டோபியா' என்று பெயரிட்டார். எல்லாம் செம்மையாக அமைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நாட்டுக்கு நேர்மாறாக, எல்லாம் கெட்டு, அந்தக் கேடே சட்டமாகவும் வழக்கமாகவும் ஆகிவிட்ட நாட்டைக் குறிக்க 'டிஸ்டோபியா' என்ற சொல் பின்னாளில் வழக்குக்கு வந்தது. கெட்டுப்போன உலகின் கதை என்று தமிழில் எளிமையாகச் சொல்லலாம்.

இக்கதைகளில் தட்பவெப்ப மாற்றம் எப்போதும் முன்வரிசையில் நிற்பதில்லை. சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை, சிறுவர்களை ஒருவரையொருவர் கொல்லவிடும் விளையாட்டின் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் வரும் பனெம் என்னும் நாடு, வறட்சியாலும் புயலாலும் தீயாலும் நிலத்தை விழுங்கிய கடலாலும் சிதைந்த வட அமெரிக்காவின் மிச்சத்தின் மேல் எழுந்தது என்பதை, ஆண்டுதோறும் ஊர்த்தலைவர் மேடையேறி வாசிப்பதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. கதைத்தலைவி காட்னிஸ் வளரும் பன்னிரண்டாம் மாவட்டம், நிலக்கரி வெட்டி அனுப்பிவிட்டுத் தான் பசியில் கிடக்கும் ஊர். அதே ஆண்டில் வந்த சாசி லாயிடின் 'தி கார்பன் டைரீஸ் 2015', பிரிட்டனில் ஒவ்வொருவரும் எவ்வளவு கரிப்புகை வெளியிடலாம் என்பதற்கு ரேஷன் வைக்கப்பட்ட ஓராண்டை, லண்டனில் வாழும் ஒரு மாணவியின் நாட்குறிப்பாக விவரிக்கிறது. பாவ்லோ பாச்சிகலூப்பியின் 'ஷிப் பிரேக்கர்' (2010), அமெரிக்காவின் தென்கரையில் பழைய எண்ணெய்க் கப்பல்களை உடைத்துப் பிழைக்கும் சிறுவர்களைப் பற்றியது. கப்பலின் குறுகிய குழாய்களுக்குள் ஊர்ந்துசென்று செம்புக் கம்பி உருவும் நெய்லர் என்ற சிறுவன், தேங்கிய எண்ணெய்க்குள் விழுந்து மூச்சுமுட்டி வெளிவரும் பகுதியை வாசித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2011இல் இந்நூலுக்குக் கிடைத்தது.

வெள்ளமும் புயலும் படிப்போரைக் கவர்ந்தாலும், இக்கதைகளின் உண்மையான வேதனை வேறிடத்தில் இருக்கிறது. இவற்றில் வரும் பிள்ளைகளுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்பதே தெரியாது. பிறந்தது முதல் பார்த்தது அந்த உலகம் ஒன்றையே என்பதால், அதுவே இயல்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய உலகத்தை அறிந்திருப்பவர் வாசகர் மட்டுமே. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜூலி பெர்டக்னா 2002இல் வெளியிட்ட 'எக்ஸோடஸ்' இதை நேரடியாகவே கையாள்கிறது. கடல் கொண்ட கிளாஸ்கோ நகருக்கு மேலே வசதி படைத்தவர்களுக்கென வானளாவிய புதுநகரம் நிற்க, அதன் நிழலில் மூழ்காமல் எஞ்சிய மேட்டில் மரங்களின் மீது குடியிருக்கும் ஒரு கூட்டம், நீருக்கடியில் கிடக்கும் பழைய கிளாஸ்கோவின் பேட்டைகளது பெயர்களையே தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறது. ஊர் போய்விட்டது, ஊரின் பெயரை உடம்பில் தாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள். அந்நாவலில் வரும் எல்லாச் சாகசங்களையும்விட இந்த ஒரு கற்பனைக்கே எடை அதிகம்.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தி அன்று. கடல் நிலத்தைக் கொள்வதைக் 'கடல்கோள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிய மொழி தமிழ். பஃறுளியாறும் குமரிக்கோடும் இருந்த இடம் தெரியாவிட்டாலும் அப்பெயர்களைச் சிலப்பதிகாரம் காத்து வைத்திருக்கிறது. இந்திரவிழாவை மன்னன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. அந்தப் புகாரில் பிறந்தவராக மரபு போற்றும் பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. கடல் கொண்ட நகரத்தின் மகன் வந்து தங்கிய கரையையே இன்று கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த அரிப்பின் வரலாறு தட்பவெப்ப மாற்றத்திலிருந்து தொடங்குவதில்லை. சோழமண்டலக் கரையில் அலைகளும் நீரோட்டமும் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1870களில் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சேதமுற்று, மீண்டும் எழுப்பப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் இந்த மணல் ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, மணல் வராத வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. பல குப்பங்கள் தெருத் தெருவாகப் பின்வாங்கின. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிப் பாறைகள் கொட்டப்பட்டதும், மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் 'தூண்டில் வளைவு' எனப்படும் கற்சுவர்கள் நீட்டப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. மனிதன் கட்டிய ஒரு சுவரால் ஏற்கெனவே மெலிந்துபோன இந்தக் கரையின் மேல்தான், இப்போது கடல்மட்ட உயர்வும் வந்து சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்ததாக ஐ.நா.வின் தட்பவெப்ப மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் மதிப்பிட்டது. ஒரு சாண் அளவுதான் என்று தோன்றலாம். மணல் திட்டு இல்லாத கரையில் புயலன்று அந்த ஒரு சாண் வீட்டு வாசலைத் தாண்டிவிடும்.

அதே கரையில் வடக்கே உள்ள எண்ணூரில் காரணமும் விளைவும் ஒரே இடத்தில் கண்முன் நிற்கின்றன. மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே அமைக்கப்பட்டு 2001இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் இன்றைய காமராஜர் துறைமுகம். அங்கே இறங்கும் நிலக்கரி அருகிலுள்ள அனல்மின் நிலையங்களில் எரிகிறது. புகையோடு வெளியேறும் கரியமில வாயு வானில் தங்கி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் போர்வைபோல் தடுக்கிறது. சூடேறிய கடல் விரிகிறது, உயர்கிறது. எரிந்து மிஞ்சும் சாம்பல் நீரில் குழம்பாகக் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்ததால், கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தின் அடியில் சாம்பல் படிந்து, படகு தாராளமாகச் சென்ற இடங்கள் முழங்கால் ஆழத்துக்கு மேடிட்டன. உலகளவில் நடக்கும் செயலை ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மீன்வள அறிவியலாளர்களின் ஒவ்வொரு தலைமுறையும் தான் பணிக்கு வந்தபோது கண்ட கடலையே முழுமையான கடல் என்று கொண்டு, அதிலிருந்து ஏற்பட்ட குறைவை மட்டுமே இழப்பாகக் கணக்கிடுகிறது. அதற்கு முன் இருந்த வளம் யாருடைய கணக்கிலும் வராமல் போகிறது. அளவுகோலின் தொடக்கக் கோடே நகர்ந்துவிடுகிறது என்பதே இதன் சாரம். எண்ணூரின் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இக்கருத்தை விளக்கப் புத்தகம் தேவைப்படாது. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு ஆற்றின் அடி விரல்நுனியில் தெரியும். அந்த விரல்களுக்கு இப்போது தட்டுப்படுவது, தென்னமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட, 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் பெயரிட்ட கருநிறச் சிப்பியினம். கம்பளம்போல் சேற்றை மூடி வளரும் அது இறால் புதையும் இடத்தை அடைத்து, தடவும் கையையும் கிழிக்கிறது. இன்று எட்டு வயதாகும் பிள்ளைக்கு ஆற்றின் அடி என்றாலே காக்கா ஆழிதான். பெர்டக்னாவின் மரவீட்டுக் கூட்டத்துக்கும் இந்தப் பிள்ளைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு: மூழ்கியவற்றின் பெயர்களை அக்கூட்டத்துக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்தபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்து, படகு, வலை, வீட்டுச்சுவர் என எதையும் விடாமல் கரும்பூச்சு பூசியது. மீனவர்கள் படகில் அமர்ந்து குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். நெய்லர் எண்ணெயில் விழுந்ததைக் கற்பனை என்று கருதி வாசித்த எவரும், முழங்கை வரை கறுத்த அந்தக் கைகளின் படங்களைப் பார்த்தபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது.

கெட்டுப்போன உலகின் கதைகளில் வரலாற்றை எழுதுவது அரசு. பனெமின் ஊர்த்தலைவர் வாசிப்பதும் அரசு எழுதித் தந்த வரலாறே. எண்ணூரில் அந்த வேலை வரைபடத்தில் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இக்கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இடம்பெற்றிருக்க, பிற்காலத்தில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணப்படவில்லை என்பதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு சூழலியல் செயல்பாட்டாளர்கள் 2017இல் எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்', எல்லாருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல் எப்படி வசைச்சொல்லாயிற்று என்பதைக் கழிமுகத்தின் காட்சிகளோடு கேட்டது. ஒரு சொல்லின் பொருள் கெட்டால் அது குறித்த நிலமும் கெடும் என்பதை அப்பாடலைப்போல் இளையோருக்கு உணர்த்திய புனைகதை தமிழில் அரிது.

ஆங்கிலப் புதினங்களிடமிருந்து தமிழ் எழுத்தாளர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. அப்புதினங்களில் உலகம் பெரும்பாலும் முதல் பக்கத்துக்கு முன்பே அழிந்துவிட்டிருக்கும். எண்ணூரோ கசிவு கசிவாக, படிவு படிவாகக் கெட்டது, இன்னும் முழுதாகக் கெடவில்லை. கழிமுகத்தில் மீன்பிடிப்பு இன்றும் நடக்கிறது. ஆங்கிலப் புதினங்களின் நாயகர்கள் கெட்ட ஊரை விட்டுத் தப்பிச் செல்வார்கள். குப்பத்துப் பிள்ளைகள் போவதற்கு இடமில்லை, போகவும் விரும்புவதில்லை. தனியொருத்தி வில்லேந்தி ஆட்சியைக் கவிழ்க்கும் கதை விறுவிறுப்பானது என்றாலும், மனு எழுதி, மாதிரி எடுத்து, பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறி ஒரு குழாயை மாற்றவைக்கும் ஊர்க்கூட்டத்தின் பொறுமையை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இந்தியாவில் இவ்வகைக் கதைகளை எழுதும் முயற்சி தொடங்கிவிட்டது. மும்பை வானை ஒரு பழுப்பு மேகம் மூடிக்கொள்வதைப் பற்றி பிஜல் வச்சரஜானி 2019இல் எழுதிய 'எ கிளவுட் கால்ட் பூரா' சிறுவர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. பெயர்களையே ஈரெழுத்தாகச் சுருக்கிவிட்ட ஒரு சர்வாதிகார நாட்டை 'என் இனிய இயந்திரா'வில் 1980களிலேயே சுஜாதா காட்டியதால், தமிழ் இளையோருக்கு இவ்வகைக் கதை அந்நியமும் அன்று. வேண்டியது எண்ணூரின் பெயர்கள்: முறைவைத்து வலைபோடும் 'பாடு'களின் பெயர்கள், இப்போது அகப்படாத மீன்களின் பெயர்கள், கடலுக்குள் போன தெருக்களின் பெயர்கள். அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் அறுபதைக் கடந்து தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் இன்றும் இருக்கிறார்கள். வடசென்னைப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் வரும் கோடை விடுமுறையிலேயே தம் மாணவர்களை ஒரு குறிப்பேட்டோடு அவர்களிடம் அனுப்பிவைக்க வேண்டும்.